பார்லி பாவம், அது முன்னாடியே செத்துப்போச்சு

கேள்வி: ஆசிரியர் சார், எனக்கு வேலூர் சத்துவாச்சாரி. வீடியோ பார்த்துட்டு வீட்லயே பீர் போட்டுப் பார்த்தேன். லாங்கு பஜார்ல ஒரு கிலோ பார்லி, ஒரு கிலோ சர்க்கரை, கேக்குக்குப் போடற ஈஸ்ட்டு வாங்கினேன். பீருக்குப் போடற ஹாப்ஸ் பூ கெடைக்கல, கசப்புக்கு நிலவேம்புப் பொடி போட்டேன். எல்லாம் சேர்த்து பத்து லிட்டர், 20 லிட்டர் தண்ணி கேன்ல ஊத்தி மாடி ரூம்ல வெச்சேன். மூணாம் நாளு கண்ணாடி ஜூஸ் பாட்டில்ல, பாட்டிலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை போட்டு இறுக்கி மூடிட்டேன். மறுநாள் ராத்திரி ரெண்டு பாட்டில் வெடிச்சிடுச்சு, எங்கம்மா சிலிண்டர்னு நெனச்சு தெருவுக்கே ஓடிட்டாங்க. ஒண்ணத் தொறந்து குடிச்சுப் பார்த்தா புளிப்பு, நெயில் பாலிஷ் வாடை. இன்னும் நாலு பாட்டில் அலமாரில இருக்கு. இதக் குடிச்சா கண்ணு போயிடுமாமே? எங்க தப்பு பண்ணேன்? வீட்டுக்குன்னு பண்ணா கேஸ் ஆகுமா? அடுத்த தடவை சரியா வர டிப்ஸ் குடுங்க.

பதில்: தம்பி, மொதல்ல அந்த நாலு பாட்டில். அதக் குலுக்காத, வெயில்ல வெக்காத, வெறுங்கையால தூக்காத. போலீஸ் நிக்கிற எடத்துல மட்டும் தலையில ஏறுமே ஒரு ஹெல்மெட்டு, அத இப்ப கண்ணாடிய எறக்கிப் போட்டுக்கோ, கனமான கோணிய நனைச்சு பாட்டில் மேல போத்து, கோணி மேலயே கைய வெச்சு மூடியக் கொஞ்சங் கொஞ்சமா திருகி கேஸ விடு, அப்புறம் சாக்கடையில ஊத்து. மீதிய அப்புறம் படி.

பாட்டில் வெடிச்சதுக்குக் கணக்கு ஒண்ணும் பெருசில்ல. ஈஸ்ட்டு சர்க்கரையத் தின்னா ஏறக்கொறைய பாதி எடை சாராயமாவும் பாதி எடை கேஸாவும் மாறும். பீர் போடறவங்க கேன்ல நுரை எல்லாம் அடங்கி, சர்க்கரை சுத்தமா தீர்ந்துடுச்சான்னு கருவி வெச்சுப் பார்த்துட்டு, நுரைக்காக லிட்டருக்கு 6-லேர்ந்து 8 கிராம்தான் மறுபடி போடுவாங்க, அதுவும் அழுத்தம் தாங்கற தடிச்ச பாட்டில்ல. நீ மூணே நாள்ல, உள்ள ஒரு கிலோ போட்ட சர்க்கரையே இன்னும் தீராம இருக்கறப்போ, முக்கா லிட்டர் பாட்டிலுக்கு 12 கிராம் வேற போட்டு, மாம்பழ ஜூஸ் வந்த மெல்லிசு பாட்டில்ல அடைச்சிருக்க. ரெண்டுதான் வெடிச்சுதுன்னா உங்கம்மா செஞ்ச புண்ணியம்.

ஆனா நீ கேட்ட கேள்விக்கு இது பதில் இல்ல. வெடிக்காம இருந்திருந்தாலும் அது பீர் இல்ல தம்பி. பீர்ன்னா தானியம் முளைச்சு, அந்த முளைல இருந்து வர்றது. நீ கடைல வாங்கின பார்லி, வெள்ளையா முத்து மாதிரி பாலிஷ் போட்டு, உமியும் மேல்தோலும் தேய்ச்சு எடுத்தது, ஜுரத்துக்குக் கஞ்சி வெக்கறதுக்கு. அது முளைக்காது. நம்பிக்கை இல்லன்னா ஒரு பிடிய ஈரத்துணில கட்டி வெச்சுப் பாரு, நாத்தந்தான் வரும். தானியத்துக்குள்ள இருக்கறது மாவுச்சத்து, ஈஸ்ட்டால அத அப்படியே திங்க முடியாது. விதை முளைக்கறப்போ தன் குருத்துக்கு சாப்பாடு போடறதுக்காக அந்த மாவ உடைச்சு இனிப்பாக்கற நொதிய அதுவே உண்டு பண்ணும். முளைவிட்ட பார்லியக் காய வெச்சு உடைச்சு 65 டிகிரி வாக்குல சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊற வெச்சா அந்த நொதி வேலை செஞ்சு தண்ணி தேன் மாதிரி இனிக்கும், அந்தத் தண்ணியத்தான் ஹாப்ஸோட கொதிக்க வெச்சு ஆறவிட்டு ஈஸ்ட்டு போடறாங்க. உன் கேன்ல நொதியும் இல்ல முளையும் இல்ல, ஈஸ்ட்டு தின்னது பூரா நீ வாங்கிப் போட்ட ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரைய. பார்லி சும்மா அடில உக்காந்து வேடிக்கை பார்த்துச்சு.

இதுலதான் எனக்கு உன் மேல கோவம். ஏன்னா இந்த வித்தை உங்க வீட்டு அடுப்படியிலயே இருந்திருக்கும். வடாற்காட்டுல கேழ்வரகு முளைகட்டாத வீடு எது? எங்க ஆயா கேழ்வரக ராத்திரி பூரா ஊறப் போட்டு, பழைய வேட்டித் துணில மூட்டையாக் கட்டி, உத்தரத்துல தொங்க விடும். ஒரு நாள் விட்டு அவுத்தா ஒவ்வொரு கேழ்வரகுக்கும் வெள்ளையா நூல் முனை மாதிரி வேர் எட்டிப் பார்க்கும், உள்ளங்கைல அள்ளினா வெதுவெதுன்னு சூடு, ஈரமண்ணு வாசனை. மாடில காய வெச்சு மில்லுல அரைச்சு குழந்தைக்குக் கஞ்சி. சாதா கேழ்வரகு மாவு ரெண்டு கரண்டி போட்டா கரண்டி நட்டு நிக்கும், அதே அளவு முளைகட்டின மாவு போட்டா தண்ணியா ஓடும். மருமக மாவ மிச்சம் புடிச்சுட்டான்னு ஆயா ஒரு தடவை பாத்திரத்தத் தூக்கிக் காட்டி, "இன்னாடி இது, இம்மாந் தண்ணியா கீது"ன்னு சண்டைக்கே போயிடுச்சு. மருமக திருடல, நொதி திருடிச்சு.

சிக்கிம், நேபாளம் பக்கம் இதே கேழ்வரகுல தோங்பான்னு ஒண்ணு போடறாங்க, அங்க முளை கட்டறதில்ல, வேகவெச்ச தானியத்துல மார்ச்சான்னு ஒரு உருண்டையப் பொடி பண்ணித் தூவறாங்க, அதுல இருக்கற பூஞ்சை மாவ உடைக்கும், ஈஸ்ட்டு சாராயமாக்கும். வழி வேற, ஆனா மாவ உடைக்கற ஆள் ஒருத்தன் வேணும்ங்கறது அங்கயும் அதேதான்.

நெயில் பாலிஷ் வாடை வேலூர் வெயிலோட உபயம். பீர் ஈஸ்ட்டுக்கு 18-லேர்ந்து 22 டிகிரி சுகம். நீ கத்திரில, தகரம் மாதிரி கொதிக்கற மாடி ரூம்ல வெச்சிருக்க, போதாததுக்குப் புளிக்கறப்போ கேனே தனியா சூடாகும். அந்தச் சூட்டுல ஈஸ்ட்டு தறிகெட்டு ஓடி, வாடையும் மறுநாள் தலைவலியும் குடுக்கற சரக்கையெல்லாம் கக்கிடும். புளிப்புக்குக் காரணம் நீ எழுதல, ஆனா என்னால சொல்ல முடியும்: உங்கம்மா மோருக்கு வெச்சிருக்கற கரண்டியால கலக்கியிருப்ப. இல்லன்னா மணிக்கொரு தரம் மூடியத் தொறந்து எட்டிப் பார்த்திருப்ப. தயிர ஒறைய வெக்கற அந்தக் கிருமி கூட்டத்த அடக்கறது ஹாப்ஸோட முக்கியமான வேலை, கசப்பு அதுக்கப்புறந்தான். நம்மூர் சூட்டுல அந்தக் கொடி வராது, இந்தியாவுல இமாச்சல்ல லாஹூல் பக்கம் வளர்க்கறாங்க. நிலவேம்பும் கசக்கும், வேப்பெண்ணெயும் கசக்கும், அதுக்காக அதப் போடுவியா?

கண்ணு போயிடுமான்னு கேட்ட. கண்ணப் பறிக்கறது மெத்தனால்ங்கற விஷம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தாங்களே, அது தானியம் புளிச்சு வந்ததில்ல, மெத்தனால சாராயத்துல கலந்து வித்தது. சர்க்கரையும் தானியமும் புளிக்கறதுல அந்த அளவுக்கெல்லாம் மெத்தனால் வராது. உன் சரக்கால கண்ணு போறதா இருந்தா கண்ணாடிச் சில்லு பட்டுத்தான் போயிருக்கும். ஒரு தடவை குடிச்சுப் பார்த்ததுக்கு வயித்தால போகாம இருந்தா சரி.

இப்ப போலீஸ் கேஸ். ஆகும். நீ பார்த்த வீடியோ எல்லாம் அமெரிக்காக்காரன் போட்டது, அங்க 1978-ல ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வீட்ல பீர் போட்டுக்கலாம்னு மத்திய சட்டத்த மாத்திட்டாரு. பிரிட்டன்ல 1963-லயே லைசென்ஸ் வேணாம்னுட்டாங்க. நமக்கு இருக்கறது ராஜாஜி காலத்து 1937 மதுவிலக்குச் சட்டம், மொதல்ல சேலம், நம்ம வடாற்காட்டுக்கு 1939-ல வந்துச்சு. மதுவிலக்கு போயி டாஸ்மாக் வந்து 2003-லேர்ந்து அரசே சில்லறைல விக்குது, ஆனா சட்டத்தோட பேரு இன்னும் மதுவிலக்குச் சட்டந்தான், லைசென்ஸ் இல்லாம தயார் பண்றது குத்தம், எனக்குத்தான் சார் விக்கறதுக்கு இல்லன்னு சொன்னா விட மாட்டாங்க. சட்டம் சரியா தப்பான்னு எனக்கும் கருத்து உண்டு, முழு பாட்டில் விக்கறவனே அரை பாட்டில் காய்ச்சறவன புடிக்கறது சிரிப்பாத்தான் இருக்கு, ஆனா அந்தக் கருத்த ஸ்டேஷன்ல சொல்லி பிரயோஜனம் இல்ல. அதனால ரெண்டாவது தடவைக்கு டிப்ஸ் தர மாட்டேன்.

உனக்கு ஆசை குடிக்கறதுல இல்ல, அது எப்படி நடக்குதுன்னு பார்க்கறதுலன்னு தோணுது, இல்லன்னா கடைக்குப் போயிருப்ப. அப்படின்னா இதப் பண்ணு. சாதா கேழ்வரகு மாவுல கெட்டியா கூழ் காய்ச்சு. எறக்கி வெச்சு, விரல் வெச்சா சுரீர்னு சுடற பதத்துக்கு ஆறட்டும், கொதிக்கறப்போ போட்டா நொதி வெந்து செத்துடும். முளைகட்டின மாவு ஒரு ஸ்பூன், ஆறின தண்ணில கரைச்சு ஊத்திக் கலக்கி மூடி வை. அரை மணி நேரம் கழிச்சுத் தொற. கெட்டியா இருந்தது எளகி ஓடும், சர்க்கரை போடாமயே நாக்குல லேசா இனிக்கும். அத உங்கம்மாவுக்கு ஒரு டம்ளர் குடு, பாவம் அன்னிக்கு ராத்திரி ஓடினவங்க. தண்ணி கேன நல்லா கழுவி கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துடு, ஆனா உள்ள என்ன ஊத்தி வெச்சிருந்தன்னு சொல்லிட்டுக் குடு, அடுத்து அதுல தண்ணி குடிக்கப் போறது உங்க தெருதான்.