போர்வெல்லில் ‘பாக்டீரியா கரைசல்’ ஊற்றலாமா?

கேள்வி: கடலூர் சிப்காட் பக்கம், குடிகாடு அருகே வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கிறது. போர் தண்ணீர் மஞ்சளாக, ஒரு நெடியோடு வருகிறது. நுண்ணுயிர் கரைசல் கேன் 6,000 ரூபாய், நாலு கேன் ஊற்றினால் மூன்று மாதத்தில் குடிக்கலாம் என்கிறார் ஒருவர். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள்.

கலங்கல் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிடத்தில் தெளியவைத்துக் காட்டியிருப்பாரே? அது படிகாரத்தின் வேலை. மண் அடியில் படியும். கரைந்திருப்பது அப்படியே இருக்கும். பத்து நிமிடத்தில் தண்ணீரைத் தெளியவைக்கும் பாக்டீரியா உலகத்திலேயே கிடையாது.

நுண்ணுயிர் மாசைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அது தின்பது எண்ணெய், டீசல், சில கரைப்பான்கள் போன்ற கரிமப் பொருள்களை. உப்பு, ஈயம், காட்மியம் எல்லாம் அதற்குச் சாப்பாடு இல்லை. உங்கள் பக்கம் ஓடும் உப்பனாற்றின் கரை மண்ணில் உப்புக்கு ஆலையே வேண்டியதில்லை, கடல் போதும்.

கேனைத் திறந்து மோந்து பாருங்கள். பெரும்பாலும் புளித்த வெல்ல வாடை வரும். அதைப் போரில் ஊற்றினால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்புறம் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியா தலையெடுத்து அழுகிய முட்டை நாற்றம் கிளப்பும். மண்ணிலுள்ள இரும்பும் கூடுதலாகக் கரையும். இருக்கிற மஞ்சளும் நெடியும் போதாதென்று காசு கொடுத்து வேறு வாங்குவீர்களா?

டீசல் மட்டும் வேறு கதை. பம்புசெட் இன்ஜின் அடியில் மண் கறுத்துப் போயிருந்தால் அங்கே நுண்ணுயிர் நிஜமாகவே உதவும், அதுவும் விலைக்கு வாங்காமல். அந்த மண்ணைத் தோண்டி எடுத்து, தார்ப்பாய் மேல் ஓர் அடி கனத்துக்குப் பரப்புங்கள். மக்கிய சாணமும் கொஞ்சம் யூரியாவும் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரம் வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள், மழையில் நனையவிடாதீர்கள். சில மாதங்களில் வாடை நன்றாகக் குறையும். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோதும் கரையில் உரம் போட்டு, அங்கே ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவைத்தான் ஊக்கினார்கள். சாணம் போட மறக்கலாம், கிளற மறக்காதீர்கள். காற்று இல்லாவிட்டால் வேலை நடக்காது.

சரி, உங்கள் தண்ணீர். வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து அரை மணியில் மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்பு. பிடிக்கும்போதே மஞ்சள், மேலே எண்ணெய்ப் படலம் என்றால் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். கொதிக்கவைத்தாலும் உலோகம் போகாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். உலோகங்கள், சி.ஓ.டி. (தண்ணீரில் கரிம மாசு எவ்வளவு என்று காட்டும் அளவு) இரண்டையும் கேளுங்கள். அங்கே பார்க்க வசதியில்லை என்றால் எங்கே பார்ப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். குடிநீருக்கு ஓர் அலுவலகம், ஆலைக் கழிவுக்கு இன்னொன்று என்று அலைய விடுவார்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-லேயே வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கும் கிணற்றுக்காரர்தான் கைக்காசு போட்டு நிரூபிக்க வேண்டுமாம்!

முன்பணத்தை வாட்ஸ்அப்பில் எழுதியே திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது.