சேலம், ஏற்காடு பின்னணியில் வைத்தியமும் விலங்குகளும் கலந்த சிறார் வரலாற்றுக் கதையை எங்கிருந்து தொடங்குவது?

பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இத்தகைய கதை ஒன்றை எழுத விரும்புவதாகவும், எதை முதலில் முடிவு செய்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நோயையும் ஆண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே என் பதில். நான் சேலத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட இப்படியொரு கதையை எழுதி, மூன்று முறை கிழித்துப் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டி வந்து, சேர்வராயன் மலையடிவார விளைநிலங்களில் எருவுக்காகக் கிடை போடும் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை வெறிநாய் கடிக்கிறது என்பதுதான் என் கதை. 1905ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதி, அவனை வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்த நிலையம் தொடங்கியதே 1907இல்தான்! அதற்கு முன்பு இந்தச் சிகிச்சைக்கு இமயமலைப் பகுதியில் 1900இல் தொடங்கப்பட்ட கசௌலி நிலையத்துக்குத்தான் போக வேண்டும்; ஆடு மேய்க்கும் குடும்பத்துக்கு அது ஆகிற காரியமில்லை. ஆகவே 1905 என்றால் சிறுவனுக்கு நோய் வராமல் தடுக்க வழியில்லை, 1908 என்றால் வழியுண்டு. நான் 1908க்கு மாறினேன். சூரமங்கலத்தில் ரயில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, 1899 முதல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் குன்னூருக்குப் போகும் பயணமே இரண்டு அத்தியாயங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்து, பச்சிலை வைத்தியரைப் பற்றி. இவரை முட்டாளாகவோ முனிவராகவோ ஆக்கிவிடுவதுதான் நம்மவர் எழுத்தில் நான் அடிக்கடி காணும் குறை. ஆட்டின் ஒடிந்த காலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதிலும், புண்ணில் புழு வைக்காமல் பார்த்துக்கொள்வதிலும் கைதேர்ந்த ஒருவர், வெறிநாய்க்கடிக்கும் தம் மருந்து பலிக்கும் என்று மனமார நம்பியிருக்க முடியும். கடித்த நாயெல்லாம் வெறிநாய் அல்ல. வெறிநாயே கடித்தாலும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள் கழித்தே வெளிப்படுகிறது. இதனால் பிழைத்தவர்கள் எல்லோரும் பச்சிலையின் கணக்கில் சேர்ந்தார்கள். பல மாதங்கள் கழித்து இறந்தவரின் சாவுக்கு வேறு காரணம் சொல்லப்பட்டிருக்கும். இதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க முடிந்தால் கதை பாதி வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம். என் கதையில் வைத்தியர், தம் கையால் மருந்து கொடுத்த ஒருவர் வெறிநாய்க்கடி நோய் முற்றித் தண்ணீரைக் கண்டு நடுங்கி இறந்ததை ஒரு முறை நேரில் பார்த்தவர். அதனால்தான் சிறுவனின் அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பாவிடம்), "இது என் கைக்கு அடங்காதுங்க, ரயிலேத்துங்க" என்கிறார். (இன்றைய பிள்ளைகள் படிக்கும் நூல் என்பதால், கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பின்னுரையில் கட்டாயம் எழுதுங்கள்.)

விலங்குகளின் பகுதியில் நான் எதிர்பாராத இடத்தில் சிக்கிக்கொண்டேன். 1885இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர், ஜோசப் மீஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குக் கொடுத்த மருந்து, நோயூட்டப்பட்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தயாரிக்கப்பட்டது. பின்னர், கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறையில் செம்மறியாட்டு மூளையிலிருந்து மருந்து செய்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" அதுதான். என் கதையின் முதல் அத்தியாயத்தில், கண்ணியில் சிக்கிக் கால் ஒடிந்த முயலுக்குச் சிறுவனும் வைத்தியரும் சிம்பு கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் சேர்த்த காட்சி அது. வகுப்பில் குன்னூர் அத்தியாயத்தை வாசித்தபோது, "அப்ப அந்த மருந்துக்காகச் செத்த முயல், சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதுவரை நான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. கேள்வியை மழுப்பாமல், குன்னூரில் சிறுவனே அதைக் கம்பவுண்டரிடம் கேட்பதாகவும், அவர் உள்ளதை உள்ளபடி சொல்வதாகவும் மாற்றி எழுதினேன். அவன் ஊர் திரும்பிய பிறகு கண்ணி வைப்பவர்களோடு போவதில்லை. காரணம் கேட்கிறவர்களுக்குப் பதிலும் சொல்வதில்லை.

படம் வரைபவரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது; பழுப்பு நிறத்தில் குட்டை மயிர்தான். சொல்லாவிட்டால் பஞ்சுப்பொதி போன்ற வெள்ளை ஆடுகள் சேலத்து வெயிலில் மேய்ந்துகொண்டிருக்கும்.