'லெஸ்' என்றால் குறைவு அன்று

"சொல்லின் இறுதியில் 'ஃபுல்' வந்தால் நிறைவு, 'லெஸ்' வந்தால் குறைவு என்று மனப்பாடம் செய்தால் ஆங்கிலப் பெயரடைகள் வசப்பட்டுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியத் தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு (இடைநிலைப்பள்ளிக்கு முந்தைய ஓராண்டு வகுப்பு) வழியாக இடைநிலைப்பள்ளிக்கு வந்தவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் அவ்வழி வந்தவன். அந்த மனப்பாடத்தை நம்பியே அவமானப்பட்டேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்துமுகக் குத்துவிளக்கு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அட்டை எழுதச் சொன்னார்கள். விலைமதிக்க முடியாததை 'ப்ரைஸ்லெஸ்' என்பார்கள் என்று தெரியும். விலையைவிட மதிப்பு உயர்ந்தது, ஆகவே 'வேல்யூலெஸ்' அதனினும் மேலானதாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்து, சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, விளக்கின் பாதத்தில் சாய்த்து வைத்தேன். அதற்கு 'ஒன்றுக்கும் உதவாதது' என்று பொருள். மாலையில் அதைப் படித்த முதலாளி, வாடிக்கையாளர்கள் முன்னிலையில், "தமிழ்ப்பள்ளிப் பையன் என்றால் இப்படித்தான்" என்றார். பிழை என்னுடையது, பள்ளியை ஏன் இழுக்க வேண்டும்? அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை.

உண்மையில் எனக்குத் துணை செய்திருக்கக்கூடியது தமிழே. இந்த 'லெஸ்', குறைவைக் குறிக்கும் 'லெஸ்' அன்று; 'இல்லாத, நீங்கிய' என்னும் பொருளுடைய வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நம் 'அற்ற' அதற்கு நேரானது. 'விலைமதிப்பற்ற' உயர்த்துகிறது, 'மதிப்பற்ற' தாழ்த்துகிறது. 'கவுண்ட்லெஸ்' என்றால் ஒன்றுமில்லை என்பதன்று. 'எண்ணற்ற' என்பதைப் போல ஏராளம் என்பதே. பண்பைச் சொல்லும் விகுதி அங்கே அளவைச் சொல்கிறது. 'ஃபுல்'லும் அப்படித்தான்: 'கேர்ஃபுல்' கவனமுள்ள என்னும் பண்பு, 'ஸ்பூன்ஃபுல்' ஒரு கரண்டியளவு, அது பெயரடையே அன்று, பெயர்ச்சொல்.

விகுதி இல்லாத அளவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'அ ஃபியூ' என்றால் சில இருக்கின்றன என்ற நிறைவு. முன்னுள்ள 'அ'வை விட்டால், அதிகம் இல்லையே என்ற குறை.

தமிழை இடையில் வைத்தால் ஆங்கிலம் வளராது என்று சிலர் மறுத்து எழுதுவார்கள். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. 'ஹெல்ப்லெஸ்' என்பதை 'உதவாத' என்று பெயர்த்தால் தவறு, 'கதியற்ற' என்பதே சரி. என் மகள் இத்தகைய ஆங்கிலச் சொற்களின் பட்டியலோடு வரும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ் வாக்கியத்தை முதலில் சொல்லச் சொல்கிறேன். ஆங்கில வாக்கியத்தை அதன் பிறகே எழுதுகிறாள்.