'121.5' மட்டும் என்றால் வேண்டாம்

கே: சிறு விமானத்திலிருந்து கழற்றிய அபாய சமிக்ஞைக் கருவி, பழைய சாமான் கடையில் எட்டாயிரத்துக்கு வருகிறது. தங்குகடல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) போகும் எங்கள் போட்டில் வைக்கலாமா? (தூத்தூர்)

ப: முதலில் லேபிளைப் படியுங்கள். '121.5' மட்டும் போட்டிருந்தால் அதைக் கேட்க வானத்தில் ஆளில்லை. செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியே நிறுத்திவிட்டன; இப்போது 406 மெகாஹெர்ட்ஸ்தான். புதுக் கருவிகளிலும் 121.5 இருக்கிறதே என்பார் கடைக்காரர். அது, தேடி வரும் விமானம் பக்கத்தில் வந்தபின் ஆளைக் கண்டுபிடிக்க. 'லைட் எரியுது பாருங்க' என்பார். லைட் எரிந்தால் பேட்டரி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு வசனத்தை வைத்தே எத்தனை பேர் தலையில் கட்டுகிறார்கள்!

406 இருந்தாலும் விமானக் கருவி போட்டுக்கு ஆகாது. மோதும் அதிர்ச்சியில் இயங்கும்படி செய்தது அது. போட்டு மெல்ல மூழ்கும்போது அந்த அதிர்ச்சி ஏது? உங்களுக்கு வேண்டியது மிதந்துகொண்டே 48 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும் ஈபிர்ப் (EPIRB) என்ற கடல் கருவி.

கே: சிம் போட்ட ஜிபிஎஸ் டிராக்கர் போதாதா? (முட்டம்)

ப: டவர் கிடைக்கும் தூரம் வரை போதும்.

கே: வெளிநாட்டுக் கப்பலில் இருந்த 406 ஈபிர்ப் வாங்கிவிட்டேன். இனி என்ன பார்க்கணும்? (குளச்சல்)

ப: வாங்குமுன் கேட்டிருக்கலாம். அதன் 15 எழுத்துக் குறியீட்டுக்குள் நாட்டு எண் இருக்கிறது, இந்தியாவுக்கு 419. மாற்றாவிட்டால், நீங்கள் கடலில் தத்தளிக்கும்போது பழைய கப்பல் முதலாளிக்குத்தான் போன் போகும். சர்வீஸ் சென்டரில் குறியீட்டை மாற்றி, இந்த அபாய சமிக்ஞைகளைப் பெறும் இஸ்ரோவின் பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்தில் பதியுங்கள். பேட்டரியின் காலாவதித் தேதியையும் பாருங்கள் (தேதி பார்க்காமல் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கியவன் சொல்கிறேன்). 4 மீட்டர் ஆழத்துக்குள் நீரழுத்தத்தில் கருவியை விடுவிக்கும் பூட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றணும். மாட்ட வேண்டிய இடம் வீல்ஹவுஸுக்கு வெளியே, மேலே மறைப்பில்லாமல். அதிலுள்ள கயிறை போட்டில் கட்டாதீர்கள். போட்டோடு அதுவும் மூழ்கும்.

கே: ஓக்கி புயலைச் சொல்லிப் பயமுறுத்தி, காலாவதித் தேதி மேல் புது ஸ்டிக்கர் ஒட்டிய கருவியைத் தந்துவிட்டார் கடைக்காரர். தொழிலுக்கு வாங்கியதால் வழக்குப் போட முடியாதாம். (வள்ளவிளை)

ப: பொய். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், அதுதான் சாட்சி. படமெடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மசியாவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போகணும்.

கே: பையன் ஈபிர்ப் பட்டனை விளையாட்டாக அழுத்திவிட்டான். அணைத்துவிட்டேன். (தேங்காய்ப்பட்டணம்)

ப: அணைத்தால் மட்டும் தேடல் நிற்காது. கடலோரக் காவல் படைக்கு 1554-இல் இப்போதே சொல்லுங்கள்.