துல்சாவில் முடிந்த லேசர் டல்லாஸில் ஏன் முடியாது?

கேள்வி: ஒக்லஹோமாவில், துல்சாவில் இருந்தபோது, கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்த என் அம்மாவின் வலது கண் மறுபடி மங்கியது. கண் சோதித்துக் கண்ணாடி எழுதித்தரும் ஆப்டோமெட்ரிஸ்டே லேசர் வைத்துச் சரிசெய்தார். இப்போது டெக்சாஸுக்கு வந்துவிட்டோம். இடது கண்ணும் மங்குகிறது. இங்குள்ள ஆப்டோமெட்ரிஸ்ட், ‘நான் செய்யக்கூடாது, கண் மருத்துவரிடம் போங்கள்’ என்கிறார். அதே படிப்பு, அதே பட்டம்தானே? தட்டிக்கழிக்கிறாரா? போதாக்குறைக்கு, எனக்குச் சோதித்த பவர் சீட்டைக் கேட்டால், ‘ஃபிரேம் எங்களிடம் எடுத்தால் தருகிறோம்’ என்கிறார்கள்.
– வாசகர், டல்லாஸ்

பதில்: லேசர் விஷயத்தில் அவர் சட்டப்படி நடக்கிறார். சீட்டு விஷயத்தில் அவர்கள் சட்டத்தை மீறுகிறார்கள். இரண்டையும் ஒரே கோபத்தில் சேர்க்காதீர்கள்.

அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு லைசன்ஸ் கொடுப்பது மாநிலம். எதுவரை கை வைக்கலாம் என்பதையும் மாநிலச் சட்டமே சொல்கிறது. 1901இல் மின்னசோட்டா முதல் சட்டத்தைப் போட்டது. சோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விடவே 1971இல் ரோட் ஐலண்ட் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சிகிச்சைக்கு மருந்து எழுதும் உரிமையை 1976இல் மேற்கு வர்ஜீனியா தந்தது. கிளௌகோமாவுக்கு (கண் அழுத்த நோய்க்கு) மருந்து எழுத மாசசூசெட்ஸில் 2021 வரை காத்திருந்தார்கள். லேசருக்கு ஒக்லஹோமா 1998இலேயே வழிவிட்டது. கென்டக்கி 2011இலும், லூயிசியானா 2014இலும், வர்ஜீனியாவும் கொலராடோவும் 2022இலும் பின்தொடர்ந்தன. டெக்சாஸ் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட் லேசர் அறுவை செய்வதை அனுமதிக்கவில்லை. அவர் செய்தால் லைசன்ஸ் போகலாம். ஆக, அவர் கைத்திறனைச் சந்தேகிக்க இதில் ஒன்றுமில்லை.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். எம்.டி. கண் மருத்துவர்கள் ‘அறுவைப் பயிற்சி போதாது’ என்பதும், ஆப்டோமெட்ரிஸ்டுகள் ‘கிராமப்புறத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?’ என்பதும் பாதி நியாயம், பாதி தொழில் போட்டி. எங்களை உறுத்துவது வேறு. கென்டக்கி சட்டம் விழித்திரை லேசர், பவரைத் திருத்தும் லாசிக் போன்றவற்றை விலக்கியது சரி. ஆனால் மற்றபடி எது ஆப்டோமெட்ரிஸ்டின் வேலை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆப்டோமெட்ரி வாரியத்திடமே கொடுத்தது. தன் வேலிக்குத் தானே அளவு போடுகிறவர் எந்தப் பக்கம் தள்ளிப் போடுவார்?

அம்மாவுக்கு வருவோம். ஆபரேஷனில் வைத்த செயற்கை லென்ஸ், கண்ணின் பழைய லென்ஸ் உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்பக்க உறையில் மீந்த செல்கள் படர்ந்தால் மங்கும். ‘யாக்’ என்ற வகை லேசர் அந்த உறையின் நடுவே மூன்று, நான்கு மில்லிமீட்டர் திறப்பு போடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிஜூல் என்ற குறைந்த ஆற்றலில் தொடங்கி, தேவைக்கு ஏற்பக் கூட்டுவார்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது.

வேலை சின்னதுதான், முடிவு சின்னதல்ல. உறையைத் திறந்தபின் பழையபடி மூட வழியில்லை. பிறகு லென்ஸை மாற்றவேண்டி வந்தால் ஆபரேஷன் சிக்கலாகிவிடும். ஆகவே முதல் கேள்வி: ‘மங்கலுக்குக் காரணம் உறைதானா, லென்ஸா, விழித்திரையா?’ கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்காமல் லேசருக்குத் தேதி கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரை மையத்தின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் கேளுங்கள். வலது கண்ணின் லேசர் குறிப்பையும், ஆபரேஷன் குறிப்பு, வைத்த லென்ஸின் விவர அட்டை ஆகியவற்றையும் ஒக்லஹோமாவிலிருந்து வரவழைத்துக் கையில் கொண்டு போங்கள்.

லேசருக்குப் பின் கண் அழுத்தம் ஏறலாம். அதனால்தான் அழுத்தத்தைக் குறைக்கும் பிரிமோனிடின் போன்ற சொட்டு மருந்து விட்டு, சுமார் ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் பார்ப்பது வழக்கம். கிளௌகோமா இருப்பவர் அதற்கு முன் வீட்டுக்குக் கிளம்பக்கூடாது. சில நாளைக்குத் தூசுபோல் மிதப்பது சகஜம். ஆனால் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று கூட்டமாகப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது – இவை விழித்திரை பிரிவதன் அறிகுறி. அன்றே காட்டவேண்டும், வாரக்கடைசி என்று பார்க்கக்கூடாது.

இனி உங்கள் சீட்டு. இங்கே மாநில வித்தியாசமே இல்லை. நுகர்வோரைக் காக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் கண்ணாடி விதி 1978 முதல் நாடு முழுக்க இருக்கிறது. பவர் சோதனை முடிந்ததும், கண்ணாடி விற்கப் பேச்செடுப்பதற்கு முன்பே, நீங்கள் கேட்காவிட்டாலும் சீட்டைத் தரவேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. கண்ணாடி வாங்கவேண்டும் என்ற நிபந்தனையும் கூடாது. சோதனைக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு தரலாம், அவ்வளவுதான். 2024இல் திருத்திய விதிப்படி, கண்ணாடியும் விற்கும் மருத்துவர், சீட்டு பெற்றதாக உங்களிடம் கையெழுத்து வாங்கி 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். கையில் சீட்டு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘கண்ணாடி விதிப்படி சீட்டு கொடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். மசியவில்லை என்றால் டெக்சாஸ் ஆப்டோமெட்ரி வாரியத்திலும், கமிஷனின் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

ஒரு எச்சரிக்கை: இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை, அதாவது பி.டி.யை, சீட்டில் எழுதித்தர இந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் அதை அளந்து எழுதித் தரச்சொல்லித் தனியாகக் கேளுங்கள். பவர் அதிகமுள்ள கண்ணாடியில் அது சில மில்லிமீட்டர் தவறினாலே தலைவலியும் இரட்டைப் பார்வையும் வரலாம்.