அப்பாவின் விசாவுக்கு ஐந்து வட்டிக் காசா?

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவு முள்ளியவளை. அப்பாவுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு, பைபாஸ் செய்யவேணும். யாழ்ப்பாணத்தில் முறை வரக் காத்திருக்கிறோம். கனடாவிலுள்ள அண்ணா, "சென்னைக்குக் கொண்டுபோ, காசைப் பிறகு பார்ப்பம்" என்கிறார். விசா, ஆஸ்பத்திரிக் கடிதம், டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து முகவர் 6 இலட்சம் கேட்கிறார். ஒருவர் நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கவா? கணவருக்கு மூன்று ஏக்கர் வயல், நான் முன்பள்ளி ஆசிரியை.

பதில்: வாங்காதீர்கள், தங்கச்சி. சென்னைக்குப் போவதா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். நான் அந்த ஐந்து வட்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

6 இலட்சத்துக்கு மாதம் 30,000 ரூபாய் வட்டி. வருடத்தில் 360,000, முதல் அப்படியே நிற்கும். இதில் சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் இல்லை. அதற்கு 15 இலட்சம் தேவையென்று வையுங்கள், அதையும் அதே ஆளிடம் எடுத்தால் மொத்தம் 21 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 105,000. தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணி இரண்டு போகத்துக்கும் வந்தாலும் மூன்று ஏக்கர் இதைத் தாங்காது. ஆஸ்பத்திரி எவ்வளவு கேட்கும் என்று தெரியுமுன்னே கடன் எடுப்பதுதான் எங்கள் சனத்தை விழுத்துகிறது. அப்பா சுகமாகி வருவார், வயல் உறுதி வேறொருவர் கையில் இருக்கும்.

முகவரின் 'பக்கேஜ்' எனக்குப் பிடிக்கவேயில்லை. அப்பாவின் அறிக்கைகளை இரண்டு மூன்று இந்திய ஆஸ்பத்திரிகளின் வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்புங்கள். செலவு மதிப்பீட்டையும் விசாவுக்கான கடிதத்தையும் கேளுங்கள். அந்தக் கடிதம் கிடைத்தால் இந்திய அரசின் இணையத்தளத்திலேயே மருத்துவ இ-விசாவுக்கு விண்ணப்பித்துக் கட்டணத்தை நேரே கட்டலாம். துணைக்குப் போகும் இரண்டு பேர் வரைக்கும் விசா உண்டு. போய் இறங்கிய நாளிலிருந்து 60 நாள், மூன்று தடவை உள்நுழையலாம். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் தட்டச்சுக் கடைப் பிள்ளைக்குக் கூலி கொடுங்கள், அது போதும்.

இதற்கிடையில் பிரதேச செயலகத்துக்குப் போய் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு என்ன பத்திரங்கள் வேணும் என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயரை எடுக்கவே வேண்டாம். மருந்தும் ஒரு நாள் விடக்கூடாது.

அப்படியும் காசு போதாவிட்டால் நகையை வங்கியிலோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியிலோ அடைவு வையுங்கள். ஐந்து வட்டி என்பது வருடத்துக்கு நூற்றுக்கு அறுபது. வங்கி அடைவு அதன் பக்கத்திலும் வராது. கைபேசியில் வரும் 'ஐந்து நிமிடக் கடன்' பக்கமும் போகாதீர்கள்.

அண்ணா அன்பில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'பிறகு' என்ற சொல்லுக்கு இங்கே வட்டி கட்டப்போவது நீங்கள். இன்றிரவே அழைத்து, மதிப்பீட்டில் எவ்வளவு தருவார், எந்தத் திகதி அனுப்புவார் என்று கேளுங்கள். காசு உங்கள் கணக்கில் விழுந்தபிறகு டிக்கெட் போடுங்கள்.