மன்னார் வளைகுடாத் தீவில் ஒரு காதல் மர்ம நாவல்: நாயகி தொல்லியலாளர் என்றால் கதை நம்பும்படி இருக்குமா?

தாராளமாக இருக்கும். ஆனால் அகழாய்வைத் தீவில் வைக்காதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. அந்தத் தடையே உங்கள் மர்மத்துக்குப் பெரிய பலம்: ஆள் இல்லாத தீவில் ராத்திரி விளக்கு தெரிந்தால், அங்கே யார்?

குழி தோண்ட அழகன்குளம் இருக்கிறது. வைகை கடலில் சேரும் இடம், ரோமானியக் காசுகளும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்த ஊர். கப்பல் கீறிய பானை ஓடுகூட அங்கே கிடைத்திருக்கிறது. நாயகி கையில் ஒரு தட்டின் உடைந்த அடிப்பாகத்தைக் கொடுங்கள். மண்ணைத் தூரிகையால் தள்ளத் தள்ள, உள்பக்கத்தில் வட்ட வட்டமாகச் சின்னப் புள்ளி வரிகள் தெரியும்: பழைய கடல் வணிகக் காலத்துப் பாண்டத்தின் அடையாளம். அதைக் கண்டதும் அவள் முகம் மாறுவதைப் பக்கத்தில் நிற்பவன் பார்க்கிறான். காதல் அங்கே தொடங்கட்டும், நிலா வெளிச்சமெல்லாம் வேண்டாம்.

வில்லனுக்குப் புதையல் வரைபடம் தேவையில்லை. 1972 தொல்பொருள் சட்டப்படி பழம்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கடல் அட்டை என்ற கடல்வாழ் உயிரினத்தைப் பிடிக்கவும் 2001 முதல் தடை, இருந்தும் கடத்தல் ஓயவில்லை. கடல் அட்டை போகும் படகிலேயே அந்த ரோமானியக் காசும் போகிறது என்று வையுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும். துரத்தல் காட்சியை எந்த மாதத்தில் வைப்பது என்பதை அதுதான் முடிவுசெய்யும்.